ஒரு பவுன் தள்ளினால் துணைக்கோள் நகருமா?

கேள்வி, 8 ஜூன் 2025

மின் உந்துவிசை, பிளாஸ்மா எஞ்சின் என்று எங்கே பார்த்தாலும் பேச்சாக இருக்கிறது. ஹால் த்ரஸ்டர் என்ற ஒன்றின் உந்துவிசை 80 மில்லிநியூட்டன் என்று படித்தேன். எடையாக மாற்றிப் பார்த்தால் 8 கிராம் சொச்சம். அதாவது ஒரு பவுன். உள்ளங்கையில் ஒரு பவுன் காசை வைத்தால் எவ்வளவு அமுக்குமோ அவ்வளவுதான். இதை வைத்து 2 டன் துணைக்கோளை நகர்த்துகிறார்களாம். நான் காரைக்குடியில் கடை வைத்திருப்பவன், கணக்கு தெரியும். இதற்காகப் பிள்ளைகள் ஐந்து வருஷம், ஆறு வருஷம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பது வேலையா, வெட்டியா?

பதில், 8 ஜூன், இரவு

பவுன் கணக்கு சரி. எங்கள் ஆய்வகத்தில் இதுவரை யாரும் உந்துவிசையைப் பவுனில் சொன்னதில்லை. இனி நான் சொல்வேன்.

அந்த வெட்டி வேலைக்காரர்களில் நானும் ஒருத்தி. ஐந்தாவது வருஷம். ஆய்வேடு எழுதக் கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், போகப் போக ஏன் என்று தெரியும்.

2,000 கிலோவை 80 மில்லிநியூட்டன் தள்ளினால் ஒவ்வொரு நொடியும் வேகம் 0.00004 மீட்டர் கூடும். சிரிப்பு வருகிற எண்தான். ஆனால் ஒரு நாளைக்கு 86,400 நொடி. நாள் முழுக்க நிறுத்தாமல் தள்ளினால் 3.5 வந்துவிடும். மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், நம் ஆச்சிமார் கோயிலுக்கு நடக்கிற வேகம். விண்வெளியில் உராய்வு இல்லை, சேர்ந்த வேகம் சேர்ந்ததுதான்.

9 ஜூன், காலை

திருத்தம். கோட்டையூர்க்காரர் ஒருவர் பிடித்துவிட்டார். 3.5 என்பது நொடிக்கு மீட்டர். மணிக்குக் கிலோமீட்டராக மாற்றினால் 12.4. ஆச்சி நடை இல்லை, சைக்கிள் மிதி. நூறு நாள் விடாமல் தள்ளினால் மணிக்கு 1,240 கிலோமீட்டர் கூடியிருக்கும்.

ஐந்தாம் வருஷ ஆராய்ச்சி மாணவி அலகில் தவறிவிட்டாள் என்று அவர் போட்ட சிரிப்புப் பொம்மைகளை எண்ணினேன், பதினொன்று.

9 ஜூன், இரவு

கடைக்காரர் மறுபடியும் கேட்கிறார்: "சரி, சைக்கிள் வேகம் வந்தது. அது எதற்குப் போதும்?"

நிலைச் சுற்றுப்பாதையில், அதாவது தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும் துணைக்கோளைச் சந்திரனும் சூரியனும் வடக்கு தெற்காக இழுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிக்கட்ட வருஷத்துக்கு நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேக மாற்றம் தேவை. நம் பவுன் எஞ்சின் நாளைக்கு 3.5 தருகிறது. வருஷம் முழுவதற்கும் சேர்த்தே 15 நாள் எரித்தால் போதும். மீதி 350 நாள் அது சும்மா கிடக்கலாம்.

இனிமேல்தான் வியாபாரம். இதையே ரசாயன எஞ்சினும் செய்யும், நிமிஷக் கணக்கில் முடித்துவிடும். ஆனால் அது புகையை நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளுகிறது. ஹால் த்ரஸ்டர் செனான் வாயுவின் அயனிகளை, அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்களை, நொடிக்குச் சுமார் 16 கிலோமீட்டரில் தள்ளுகிறது. ஒவ்வொரு கிராமிலும் அஞ்சு மடங்கு வேலை வாங்குகிறது. 15 வருஷத்துக்கு 2 டன் துணைக்கோளைப் பிடித்து நிறுத்த ரசாயன எரிபொருள் 580 கிலோ வேண்டும். செனான் 100 கிலோவுக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் 480 கிலோவுக்கும் ராக்கெட் கூலி உண்டு என்பதைக் கடைக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இஸ்ரோ இதை முதலில் 2010 ஏப்ரல் 15-ல் ஜிசாட்-4-ல் வைத்து அனுப்பியது. ராக்கெட் தோற்று எல்லாம் கடலுக்குப் போனது. பிறகு 2017 மே 5-ல் ஜிசாட்-9, தெற்காசியத் துணைக்கோள். அதில்தான் நம் நாட்டுத் துணைக்கோளில் மின் உந்துவிசை முதலில் விண்வெளியைப் பார்த்தது.

10 ஜூன்

"அப்படியானால் ராக்கெட்டிலேயே இதை வைத்துவிடலாமே?" முடியாது. தரையிலிருந்து கிளம்ப வேண்டுமானால் தன் எடையைவிட அதிகமாகத் தள்ள வேண்டும். இது ஒரு பவுன். பூமி விடாது.

11 ஜூன்

ஏன் ஒரு பவுனோடு நிறுத்த வேண்டும், நூறு பவுன் தள்ளக் கூடாதா என்று தேவகோட்டை அண்ணன் கேட்டிருக்கிறார். மின்சாரம் அண்ணே. ரஷ்யர்களின் எஸ்பிடி-100 என்ற த்ரஸ்டர் 1,350 வாட் வாங்கிக்கொண்டு 83 மில்லிநியூட்டன் தருகிறது. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குகிற மின்சாரம். அதிலும் பாதிதான் தள்ளுவதில் சேரும், மீதி சூடாகப் போகும். நூறு பவுன் வேண்டுமென்றால் நூறு அடுப்பு, அதற்கேற்ற சூரியத் தகடு. இஸ்ரோ இந்த மார்ச்சில் 300 மில்லிநியூட்டன் த்ரஸ்டரை 1,000 மணி நேரம் ஓட்டிப் பார்த்ததாக அறிவித்தது. 5.4 கிலோவாட். நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

உள்ளே என்ன நடக்கிறது என்றும் கேட்டார். செக்காலைக்காரர்களுக்கு இது சுலபம். வளையமாக ஒரு பீங்கான் பள்ளம். அடியிலிருந்து செனான் வாயு வருகிறது. வெளியே ஒரு ஓரத்தில் கேத்தோடு என்ற எதிர்மின் முனை நின்று எலக்ட்ரானைத் துப்புகிறது. அந்த எலக்ட்ரான் உள்ளே இருக்கிற நேர்மின் முனைக்கு ஓடப் பார்க்கும். வழியில் காந்தப்புலம் பிடித்துச் செக்குமாடு மாதிரிச் சுற்ற வைத்துவிடும். சுற்றிச் சுற்றி வருகிற மாட்டின் குறுக்கே போகும் செனான் அணு அடிபட்டு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. அயனி கனமானது, காந்தத்துக்கு அசையாது, மின்புலம் இழுத்து வெளியே எறிந்துவிடும். கேத்தோடின் இன்னொரு பங்கு எலக்ட்ரான் பின்னாலேயே போய் அயனியோடு சேர்ந்துகொள்ளும். இல்லாவிட்டால் துணைக்கோளில் எதிர்மின்னூட்டம் ஏறி, போன அயனியெல்லாம் திரும்பி வரும்.

இந்தச் செக்கை முதலில் விண்வெளியில் ஓட்டியது சோவியத். 1971 டிசம்பரில் கிளம்பிய மீட்டியோர் வானிலைத் துணைக்கோளில்.

13 ஜூன்

இன்று ஜூன் 13. 2010-ல் இதே நாளில்தான் ஹயபுசா விண்கலத்தின் பெட்டகம் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வந்து விழுந்தது. எனக்கு இந்தத் துறை பிடித்ததே அதனால்தான்.

ஜப்பான்காரர்கள் 2003 மே மாதம் அனுப்பியது. நாலு அயனி எஞ்சின். இட்டோகவா என்ற சிறுகோளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஒவ்வொன்றாகப் படுத்தன. 2009 நவம்பரில் கடைசி நம்பிக்கையும் போனபோது, ஏ எஞ்சினில் எலக்ட்ரான் உமிழி மட்டும் நன்றாக இருந்தது, பி எஞ்சினில் அயனி உண்டாக்கும் பகுதி மட்டும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்து ஓர் எஞ்சினாக ஓட்டி வீடு வந்து சேர்த்தார்கள். கிளம்பும் முன்பே யாரோ ஒருவர் இரண்டுக்கும் நடுவே, மின்சாரத்தை ஒரே பக்கமாக விடும் ஒரு சின்ன டயோடை வைத்துவிட்டிருந்தார். அந்த டயோடு இல்லையென்றால் கதையே இல்லை.

நான் அப்போது பள்ளியில். அப்பச்சியின் பேப்பரில் பார்த்த படம். ஒட்டுப்போட்ட சைக்கிளில் சிறுகோள்வரை போய் வந்த மாதிரி இருந்தது.

22 ஜூன்

மூல கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஐந்து வருஷம் என்ன பண்ணுகிறோம்?

எங்கள் ஐயா சொல்வார், ரங்கூன் கடைக்குப் போகிற பையன் முதலில் பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அப்புறம்தான் மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். ஆய்வகமும் அச்சு அசல் அதே. முதல் வருஷம் நான் பெட்டியடி. எனக்குக் கொடுத்த பெட்டி வெற்றிடச் சேம்பர். நான் உள்ளே நிமிர்ந்து உட்காரலாம், அவ்வளவு பெரிய எஃகு உருளை. த்ரஸ்டரைத் தொடவே பத்து மாதம் ஆனது.

விண்வெளியைத் தரையில் செய்ய வேண்டும். காற்றை உறிஞ்ச வேண்டும். ரோட்டரி பம்ப் முதலில், பிறகு டர்போ பம்ப். வளிமண்டல அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். இறங்காது. எங்கோ கசியும். எங்கள் சேம்பரில் இருபத்திரண்டு மூடிகள், ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம் அல்லது செப்பு வளையம். ஆயிரம் ஜன்னல் வீட்டில் ராத்திரி எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று தேடுகிற வேலை. வெளியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக ஹீலியத்தை லேசாக ஊதுவோம். உள்ளே ஹீலியம் தெரிந்தால் அந்த ஜன்னல்தான். ஒருமுறை பதினேழு நாள் தேடினோம். கிடைத்தது ஒரு தலைமுடி. ரப்பர் வளையத்தின் குறுக்கே படுத்திருந்தது. நீளத்தைப் பார்த்தால் என்னுடையதுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுதான் சொல்கிறேன்.

கசிவே இல்லாவிட்டாலும் தண்ணீர். எஃகுச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரம் மணிக்கணக்கில் கிளம்பி வந்துகொண்டே இருக்கும். மழைநாளில் சேம்பரைத் திறந்தால் மறுநாள் சாயந்திரம்வரை பம்ப் ஓட வேண்டும். விரல் ரேகை பட்டாலும் எண்ணெய். அதனால் கையுறை. ஊருக்கு வந்த முதல் நாள் வெள்ளைப் பணியாரத்தை எடுக்கும்போது கை தயங்கியது, அப்பத்தா முறைத்தார்கள்.

பிறகு கேத்தோடு. லாந்தனம் ஹெக்சாபோரைடு என்ற பொருள், 1,600 டிகிரிக்குச் சூடாக்கினால் எலக்ட்ரானைக் கொட்டும். அந்தச் சூட்டில் ஆக்சிஜன் பட்டால் நஞ்சாகிவிடும், அதன்பின் துப்பாது. முழுக்க ஆறிய பிறகுதான் சேம்பருக்குள் காற்றை விட வேண்டும். இரண்டாம் வருஷம் நான் கடிகாரத்தைப் பார்க்காமல் வால்வைத் திறந்தேன். ஊதா நிறமாக ஏதோ மின்னியது, அவ்வளவுதான். பெட்டியடியாக இருந்தால் ஊருக்குக் கப்பல் ஏற்றியிருப்பார்கள். எங்கள் பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார், அது அதைவிட மோசம்.

23 ஜூன்

காரைக்குடியில் இருக்கும் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் கேத்தோடு கரைசலுக்குள் இருக்கும், அங்கே எலக்ட்ரானை அயனிகள் வாங்கிக்கொள்ளும். நீங்கள் துப்புகிறது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?"

ஒன்றுதான் ஐயா. கேத்தோடு என்றால் எலக்ட்ரானை வெளியே கொடுக்கும் முனை. உங்களிடம் வாங்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. எங்களிடம் வெற்றிடம், அதனால் சூடேற்றித் துரத்த வேண்டியிருக்கிறது. கேட்டது நல்லதாகப் போயிற்று. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த வரி இல்லை, சேர்த்துவிட்டேன்.

கல்லூரிச் சாலையில் போகும்போதெல்லாம் சிக்ரி வாசலைப் பார்த்து வளர்ந்தவள் நான். அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். மின்வேதியியலுக்கு இவ்வளவு செய்த ஊரில் ஒரு வெற்றிடச் சேம்பர் வந்தால் நானே பெட்டியடியாகச் சேர்ந்துகொள்கிறேன்.

24 ஜூன்

இன்னொருவர்: "சிவகங்கையில் கிராபைட் வெட்டுகிறார்களே, உங்களுக்கு உதவுமா?" கிராபைட் எங்களுக்கு உயிர். பீச்சும் அயனிகள் சேம்பரின் எஃகுச் சுவரில் மோதினால் இரும்புத் துகள் தெறித்து த்ரஸ்டர் மேலேயே வந்து படியும். அதனால் எதிர்ச் சுவரில் கிராபைட் தகடு வைப்போம், அது குறைவாகத்தான் தெறிக்கும். ஆனால் சிவகங்கையில் கிடைப்பது கல்லோடு கலந்த செதில். அதைச் சுத்தம் பண்ணி, அழுத்தி, சுட்டுத் தகடாக்க வேறு பட்டறைகள் வேண்டும். எங்கள் தகடு எங்கிருந்தோ கப்பலில்தான் வருகிறது.

20 ஜூலை

ஒரு மாதம் காணாமல் போனதற்கு மூன்றாம் அத்தியாயம் காரணம்.

இதற்குள் இங்கே பாதரச விமானம் வந்துவிட்டது. நம் முன்னோர் பாதரசத்தில் விமானம் ஓட்டினார்கள், வெள்ளைக்காரன் அதைத் திருடித்தான் அயனி எஞ்சின் செய்தான் என்று வாட்ஸப் செய்தி. ஆறு பேர் வேறு வேறு படத்தோடு அனுப்பியிருக்கிறார்கள்.

பாதரசம் பயன்பட்டது உண்மை. 1964-ல் இதே ஜூலை 20 அன்று நாசா செர்ட்-1 என்ற சோதனைக் கலத்தை அனுப்பியது. அதில் இரண்டு அயனி எஞ்சின்கள். சீசியத்தில் ஓடுவது மின்கசிவால் கிளம்பவே இல்லை. ஹரோல்ட் காஃப்மன் வடிவமைத்த பாதரச எஞ்சின் 31 நிமிஷம் ஓடியது. விண்வெளியில் அயனி எஞ்சின் உண்மையிலேயே தள்ளும் என்று முதலில் காட்டியது அந்த 31 நிமிஷம்தான். பாதரசத்தை எடுத்ததற்குக் காரணம் அணு கனமானது, அயனியாக்குவது சுலபம், திரவமாகச் சின்னத் தொட்டியில் அடங்கும். ரசவாதம் காரணமில்லை. நஞ்சு என்பதால் கைவிட்டு செனானுக்கு வந்தார்கள். 2022-ல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் துணைக்கோளில் பாதரசமே கூடாது என்று முடிவெடுத்துவிட்டன.

முன்னோர் பெருமை வேண்டுமானால் நம் வீட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் போட்டு இழைத்த அந்த வழவழப்பை எங்கள் சேம்பர் உள்சுவருக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

21 ஜூலை

செனான் எங்கே கிடைக்கும்? காற்றில்தான். ஒரு கோடி பங்கு காற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. எஃகு ஆலைகளுக்காகக் காற்றைப் பிரிக்கும் இடங்களில் உபரியாக வருவது. சிலிண்டர் விலையைப் பார்த்தால் பவுன் விலை பரவாயில்லை என்று தோன்றும், எழுதினால் அப்பத்தா மயங்கிவிடுவார்கள். அதனால்தான் இணையத் துணைக்கோள் விடும் ஸ்டார்லிங்க்காரர்கள் முதலில் கிரிப்டானுக்கும், 2023-ல் ஆர்கானுக்கும் போனார்கள். ஆர்கான் காற்றில் நூற்றுக்கு ஒன்று, வெல்டிங் கடையில் கிடைக்கும். ஆனால் அணு இலேசு, அயனியாக்கக் கூடுதல் சக்தி வேண்டும். ஏழை வீட்டுச் செனான். நாங்களும் புதுக் கேத்தோடைப் பழக்கும்போது ஆர்கானில்தான் ஓட்டுவோம்.

4 ஆகஸ்ட்

பல்கலைக்கழகம் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இது.

எங்கள் த்ரஸ்டர் சின்னது. 200 வாட். உந்துவிசை பத்து மில்லிநியூட்டன் சொச்சம், பவுன்கூட இல்லை, ஒரு கிராம் மோதிரம். அதை அளக்க ஒரு மேசை உண்டு. இரண்டு மெல்லிய தகட்டுக் கால்களில் நிற்கும், மேலே த்ரஸ்டர். தள்ளினால் மேசை ஒரு முடியளவு நகரும், லேசர் அதைப் படிக்கும். எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு விசை என்று அறிய, நூலில் கட்டிய சின்ன எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுப் பார்ப்போம். ஒவ்வொன்றும் 200 மில்லிகிராம்.

நகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தர் எடை போடும்போது ஃபேனை நிறுத்துவார். நாங்கள் கட்டடத்தின் லிஃப்டை நிறுத்துவோம். வெளியே லாரி போனால் கோடு துள்ளும். அதனால் ராத்திரி ஒன்றிலிருந்து மூன்றுக்குள் அளப்போம். நான் ஆராய்ச்சி செய்தேன் என்றால் அதில் பெரும்பங்கு அந்த இரண்டு மணி நேரம்தான்.

மூன்றாம் வருஷம் ஒரு ராத்திரி 12.8 மில்லிநியூட்டன் வந்தது. 200 வாட்டுக்கும் நொடிக்கு 0.9 மில்லிகிராம் செனானுக்கும் அது 45 சதவீதத் திறன். இந்த அளவுள்ள த்ரஸ்டருக்கு அது ரொம்ப நல்ல எண். ரொம்ப ரொம்ப நல்ல எண். மைசூர்பாகு வாங்கினோம். மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினோம். ஆறு வாரம் நான் மேலாள்.

ஜூனியர் தம்பி ஒருவன் சேர்ந்தான், புதுப் பெட்டியடி. அவனுக்குக் காட்ட த்ரஸ்டரை அணைத்தேன். கோடு இறங்கியது, சுழியத்துக்கு வரவில்லை. 1.7-ல் நின்றது. "அக்கா, அணைச்ச பிறகும் தள்ளுதே?" என்றான்.

அணைந்த எஞ்சின் தள்ளாது. ஓடும்போது த்ரஸ்டர் சூடாகி, மேசையின் கை நீண்டு, மின்கம்பிகளின் உறை இளகி, சுழியமே நகர்ந்திருக்கிறது. நாங்கள் ஓட்டுவதற்கு முன்னால் மட்டும் சுழியம் எடுத்தோம், அணைத்த பிறகு பார்க்கவே இல்லை. ஐந்தொகை எடுக்காமல் லாபம் சொன்ன கதை. 12.8-ல் 1.7 போனால் 11.1. திறன் உந்துவிசையின் இருமடியில் போகும், அதனால் 45 ஒரேயடியாக 34-க்கு விழுந்தது. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். மைசூர்பாகைத் திரும்பப் பெற முடியவில்லை.

அவன் கேட்காவிட்டால் அது அப்படியே அச்சாகியிருக்கும். ஏழு மாதம் நான் அந்தப் பையனிடம் சரியாகப் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நேற்று அவனுக்குச் சீப்புச் சீடை பார்சல் அனுப்பினேன், காரணம் எழுதவில்லை.

5 ஆகஸ்ட்

கடைக்காரர்: "அப்போ 11.1 சரியா?"

அதுவும் கொஞ்சம் தாராளம்தான். சேம்பருக்குள் மிதக்கும் செனான் மறுபடியும் த்ரஸ்டர் வாய்க்குள் புகுந்து, கணக்கில் வராமல் வேலை செய்துவிடும். விண்வெளியில் அந்த ஓசி வாயு கிடைக்காது. அதனால் 11.1-ஐ 0.6 முன்னே பின்னே என்று எழுதுகிறோம்.

27 ஆகஸ்ட்

பிள்ளையார்பட்டி போய் வந்தோம், கூட்டம். வரிசையில் நிற்கும்போது ஒரு தம்பி அடையாளம் கண்டு, "நீங்க ஒரு பவுன் ஆச்சிதானே?" என்றான். இந்த வயதில் ஆச்சி. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேலை கிடைக்குமா என்றும் கேட்டான். வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம், பெங்களூரில் பெல்லாட்ரிக்ஸ் மாதிரித் தனியார் நிறுவனம். கதவுகள் குறைவு. ஆனால் கசிவு தேடத் தெரிந்தவளுக்கு வெற்றிடம் வேண்டிய எந்தத் தொழிற்சாலையிலும் சோறு உண்டு என்றேன். அவன் முகம் தெளியவில்லை. அவனுக்கு எஞ்சின் வேண்டும், ரப்பர் வளையம் வேண்டாம். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

14 செப்டம்பர்

இதைக் கட்டாயம் எழுதியாக வேண்டும்.

அப்பத்தாவின் கழுத்துருவில் ஒரு கொக்கி தளர்ந்துவிட்டது. காரைக்குடியில் பழைய பத்தரிடம் போனோம். அவர் மின்தராசு மில்லிகிராம் வரை காட்டும், கண்ணாடிக் கூண்டோடு. ஃபேனை நிறுத்திவிட்டு, இறக்கை ஓய்கிறவரை காத்திருந்தார். எங்கள் மேசைக்கு முன்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே நின்றார். என் கைப்பையில் உந்துவிசை மேசையின் உதிரி எடைகள் ஆறு இருந்தன, பித்தளைக் கம்பியில் நானே வெட்டி வளைத்தவை. ஒரு விளையாட்டுக்கு, "இதையும் பாருங்களேன்" என்றேன்.

"எவ்வளவுன்னு சொல்றீங்க ஆச்சி?"

"இருநூறு மில்லி."

முதலாவது 197. இரண்டாவது 197. ஆறுக்கும் அதே. நகையை உருப்பெருக்கியில் பார்ப்பது போல ஒன்றை இடுக்கியில் எடுத்துப் பார்த்துவிட்டு, "முனையை அரம் போட்டிருக்கீங்க" என்றார்.

போட்டேன். நூல் அறுகிறது என்று மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் கொக்கி முனையை மழுக்கினேன். ஆறு உதிரிகளையும், மேசையில் தொங்கும் ஆறையும், ஒரே நாளில், ஒரே அரத்தில். மறுபடியும் எடை போடவில்லை. ஐந்து வருஷம் படித்தவளுக்கு அது தோன்றவில்லை, அவருக்கு முனை மினுமினுப்பில் தெரிந்துவிட்டது.

தராசுக் கற்கள் ஒன்றரை சதவீதம் இலேசு என்றால் எங்கள் உந்துவிசையும் அவ்வளவு கூடுதலாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 11.1 இல்லை, 10.9. நான் போட்ட 0.6-க்குள் அடங்கிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அந்த எண் ஆய்வேட்டில் நாற்பது இடத்தில் இருக்கிறது.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். "பித்தளைக்கு எதுக்கு ஆச்சி" என்று கழுத்துருவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

15 செப்டம்பர்

ஜூனியர் தம்பிக்குச் சொல்லி, மேசையில் தொங்கும் எடைகளை ஆய்வகத் தராசில் போடச் சொன்னேன். 197, 197, 196, 197, 197, 197. படம் அனுப்பினான். கீழே, "சீடைக்கு நன்றி அக்கா. காரணம் தெரியும்."

27 செப்டம்பர்

சந்திரனுக்குப் போன ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 கிளம்பியது 2003-ல் இதே தேதி. சிறுகோள் பட்டையிலிருக்கும் வெஸ்டா, சீரிஸ் இரண்டையும் சுற்றிய டான் கிளம்பியது 2007-ல் இதே தேதி. இரண்டுமே மின் உந்துவிசை. ஸ்மார்ட்-1 வெறும் 82 கிலோ செனானோடு கிளம்பி, சந்திரனைப் பிடிக்க 13 மாதத்துக்கு மேல் எடுத்தது. டான் 425 கிலோ செனானில் இரண்டு உலகங்களைச் சுற்றியது. அதற்குமுன் எந்தக் கலமும் பூமியைத் தாண்டிய இரண்டு பொருள்களை அடுத்தடுத்துச் சுற்றியதில்லை. டானின் எஞ்சின் ஒன்றின் உச்ச உந்துவிசை 90 மில்லிநியூட்டன் சொச்சம்.

கடைக்காரரே, ஒரு பவுனும் ஒரு கிராம் சொச்சமும்.

2 அக்டோபர்

நாற்பது இடத்திலும் மாற்றிவிட்டேன். முப்பத்தொன்பது என்று நினைத்தேன், படத்தின் ஓரத்தில் ஒன்று ஒளிந்திருந்தது. நாளைக் காலை பல்லவனில் கிளம்புகிறேன். எடைகளைப் பத்தரிடமே கொடுத்து, ஒவ்வொன்றின் எடையையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து எழுதி வாங்கிக்கொண்டேன், நகைப் பொட்டலம் மாதிரி. அப்பத்தா அதைத் தங்கம் என்று நினைத்து என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.